பொய்யின் விலை

பருவத்தில் பெய்ய வேண்டிய மழை பெய்யாது போனால், 'மழை பொய்த்தது' என்று கூறுவது நம்மவர் வழக்கம். வானம் யாரிடமும் வாய் திறந்து வாக்களித்ததில்லை. எனினும், கார்காலம் வந்ததும் உழவன் அதனை நம்புகின்றான், ஏரைப் பூட்டுகின்றான், வீட்டில் எஞ்சியிருந்த விதை நெல்லையும் மண்ணில் இடுகின்றான். அந்த நம்பிக்கை வீணாகும்போதுதான் 'பொய்த்தது' என்னும் சொல் பிறக்கின்றது. ஆதலின், பொய் என்பது நாவிலிருந்து வெளிப்படும் பிழையான சொல் மட்டுமன்று. நம்பியவன் கையை வெறுங்கையாக்குவதே அதன் இயல்பு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

இவ்விதழை வாசிக்கும் அன்பர்கள் பல சமயத்தவர். நான் திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்து, மும்பை மாநகரில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருபவன். வாய்மையைப் பற்றி எழுதப் புகும்போது நான் பழகிய கிணற்றிலிருந்தே நீர் இறைக்கின்றேன். கிணறு வேறாயினும் தாகம் எல்லோர்க்கும் பொதுவன்றோ?

கிறிஸ்தவ வேதத்தின் பத்துக் கட்டளைகளுள் ஒன்று பொய்ச்சாட்சி சொல்லுவதைத் தடுக்கின்றது. கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் அதனை எட்டாவது கட்டளை என்று எண்ணுவர். ஏனைய சீர்திருத்த சபையார் ஒன்பதாவது என்பர். எண்ணிக்கையில் வேறுபாடு இருப்பினும் பொருளில் வேறுபாடு இல்லை. அக்கட்டளை பொய்யைப் பற்றி வெறுமனே பேசாமல், பிறனுக்கு எதிரான பொய்யைப் பற்றிப் பேசுகின்றது என்பதை நாம் கருத வேண்டும். வழக்கு மன்றத்தில் ஒருவன் சொல்லும் சொல்லால் மற்றொருவன் நிலத்தையோ உயிரையோ இழக்கக் கூடும். பொய்க்கு ஒரு விலை உண்டு என்பதையும், அதனைச் சொன்னவனே எப்போதும் செலுத்துவதில்லை என்பதையும் அக்கட்டளை உள்ளடக்கியிருக்கின்றது.

இதனை விளக்கும் வரலாறு ஒன்று பழைய ஏற்பாட்டில் உண்டு. சீரியா நாட்டுப் படைத்தலைவனாகிய நாகமான் தொழுநோயால் துன்புற்று, இஸ்ரவேல் நாட்டுத் தீர்க்கதரிசியாகிய எலிசாவை நாடி வந்தான். நோய் நீங்கப் பெற்றான். நன்றியோடு அவன் கொடுக்க முன்வந்த பொருளை எலிசா ஏற்க மறுத்தார். அவருடைய பணியாளனாகிய கேயாசிக்கோ அப்பொருளை விட்டுவிட மனமில்லை. அவன் நாகமானைப் பின்தொடர்ந்து ஓடி, இரண்டு இளைஞர் விருந்தினராக வந்திருப்பதாகவும், அவர்களுக்காகத் தன் தலைவர் வெள்ளியும் ஆடையும் கேட்பதாகவும் கூறிப் பெற்றுக் கொண்டான். திரும்பி வந்ததும், 'நான் எங்கும் போகவில்லை' என்று மறைத்தான். நாகமானின் நோய் அவனைப் பற்றியது என்று கதை முடிகின்றது.

சிறு வயதில் ஞாயிறு பள்ளியில் இதனைக் கேட்டபோது, கேயாசிக்கு வந்த நோயே எங்கள் மனத்தில் நின்றது. வயது முதிர்ந்த பின்னரோ, நாகமானை எண்ணியே நான் வருந்துகின்றேன். இறைவன் அருளை விலையின்றிப் பெற்றதாக எண்ணி மகிழ்ந்து சென்ற அவனுக்கு, வழியிலேயே அதற்கொரு விலை கூறப்பட்டுவிட்டது. 'இவர்களும் கடைசியில் பொருளைத்தான் கேட்டார்கள்' என்ற எண்ணத்தோடு அவன் தன் நாடு திரும்பியிருக்கக் கூடும். பணியாளன் ஒருவனுடைய பொய்யால் தலைவரின் நற்பெயர் அவர் அறியாமலே விற்கப்பட்டுவிட்டது.

புதிய ஏற்பாட்டில் வரும் அனனியா, சப்பீராள் என்னும் கணவன் மனைவியரின் வரலாறும் பலரும் அறிந்ததே. ஆதிச் சபையினர் தம் உடைமைகளை விற்று எளியோர்க்குப் பகிர்ந்து வந்த காலம் அது. பர்னபா என்பவர் தம் நிலத்தை விற்று முழுத் தொகையையும் கொடுத்தார். அனனியாவும் நிலத்தை விற்றான். ஒரு பகுதியை வைத்துக்கொண்டு, எஞ்சியதையே முழுத்தொகை போலக் கொண்டு வந்து வைத்தான். பேதுரு அவனைக் கடிந்தது, பணத்தை வைத்துக்கொண்டதற்காக அன்று. நிலமும் அவனுடையது, விற்ற பணமும் அவனுடையது, கொடுக்குமாறு எவரும் வற்புறுத்தவில்லை. பாதியைக் கொடுத்து, 'இது பாதி' என்று சொல்லியிருந்தால் அவன் நன்கொடையாளனாகவே வாழ்ந்திருப்பான். பர்னபாவுக்குக் கிடைத்த புகழைப் பாதி விலைக்கு வாங்க முயன்றதே அவன் செய்த குற்றம். கோயிலாயினும் சங்கமாயினும் நன்கொடைப் பட்டியலைச் சுவரில் ஒட்டும் வழக்கம் நம்மிடையே உள்ளவரை, இவ்வரலாறு பழையதாகிவிடாது.

இனி, நல்ல நோக்கத்திற்காகப் பொய்யைத் துணைக்கொள்ளலாமா என்னும் வினா எழும். திருக்குறளின் முப்பதாம் அதிகாரம் வாய்மையைப் பற்றியது. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைத்து எண்ணலாம் என்று வள்ளுவர் அங்கே இடம் கொடுக்கின்றார். எகிப்து மன்னனின் கொடிய ஆணைக்கு மாறாக எபிரெயக் குழந்தைகளைக் காத்த மருத்துவச்சியர் இருவர், அரசனிடம் மறைத்துப் பேசியதை வேதமும் பழிக்கவில்லை. மறுபுறம், புனித அகுஸ்தீன் பொய்யைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதினார். முதலாவது ஏறக்குறைய 395ஆம் ஆண்டிலும், இரண்டாவது ஏறக்குறைய 420ஆம் ஆண்டிலும் எழுதப்பட்டவை. தம் கொள்கையை மறைத்து வாழ்ந்தவர்களைக் கண்டுபிடிப்பதற்காகக் கிறிஸ்தவர்களும் வேடமிட்டுப் பொய் சொல்லலாமா என்பதே இரண்டாவது நூலுக்குக் காரணமாக அமைந்த வினா. கூடாது என்பதே அவருடைய முடிபு. சமயத்தைக் காக்கச் சமயத்தார் பொய் சொல்லத் தொடங்கினால், அவர் சொல்லும் மற்றவற்றை யார் நம்புவர் என்பது அவர் கவலை.

அக்கவலை வீணானதன்று என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் 'எசூர்வேதம்' என்னும் பெயரால் பிரெஞ்சு மொழியில் ஓர் ஏடு புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. வியாசரும் சுமந்துவும் உரையாடுவது போல அமைந்த அந்நூல், உருவ வழிபாட்டை மறுத்து ஒரே கடவுளைப் போதித்தது. பிரெஞ்சு அறிஞர் வால்தேர் 1760இல் அதனைப் பெற்று, மறு ஆண்டில் அரசரின் நூலகத்திற்கு அளித்தார். தொன்மையான இந்திய மறைநூலின் விளக்கம் என்று நம்பி அவர் அதனைப் போற்றினார். 1778இல் அது அச்சும் ஏறியது. திருக்குறளில் தோய்ந்தவரும், தென்னாட்டு மொழிகள் ஒரு குடும்பத்தவை என்று 1816இல் எடுத்துக் காட்டியவருமாகிய எல்லிஸ் துரை, புதுச்சேரியில் பாதிரிமாரின் ஏடுகளை ஆராய்ந்து, அது வேதமன்று. கிறிஸ்தவப் பாதிரிமாரிடையே தோன்றிய போலி நூல் என்று நிறுவினார். அவர் இறந்தபின் 1822இல் அவ்வாராய்ச்சி வெளிவந்தது.

அந்நூலால் விளைந்தவற்றை எண்ணிப் பாருங்கள். கிறிஸ்தவத்திற்கு வழி திறக்கப் பயன்படக் கூடிய நூலை, வால்தேர் கிறிஸ்தவ வேதத்தின் தொன்மையைக் குறைத்துக் காட்டும் கருவியாகவே பயன்படுத்தினார். இன்னொரு கேடும் நேர்ந்தது. 1606இல் மதுரைக்கு வந்து, தமிழும் வடமொழியும் பயின்று, 1656இல் மயிலாப்பூரில் மறைந்த இராபர்ட் டி நொபிலியே அதனைப் புனைந்தவர் என்னும் பழி எழுந்தது. எல்லிஸும் அவ்வாறே கருதினார். பிற்கால ஆராய்ச்சியாளர் அதனை ஏற்கவில்லை. ஆயினும் நெடுங்காலம் அப்பழி நொபிலியின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எழுதியவர் யாரென்று இன்றும் உறுதிப்படாத நூலுக்கு, எழுதாதவர் விலை கொடுத்தார். இதற்கு மாறாக, வீரமாமுனிவர் தம் சமயத்தை மறைக்காமல் 1726இல் தேம்பாவணியைப் பாடி முடித்தார். கொள்கையால் வேறுபட்ட தமிழரும் அந்நூலைத் தமிழ்க் காப்பியம் என்றே ஏற்றுக்கொண்டிருக்கின்றனர். தன் பெயரோடு வந்து நிற்கும் நூலுக்கும், பிறர் பெயரில் ஒளிந்து வரும் நூலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பொய்க்கு விலை உண்டு என்று கூறுவது எளிது. மெய்க்கும் விலை உண்டு என்பதைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. அதனை என் தாய்வழிப் பாட்டனார் வாழ்வில் அறிந்தேன்.

அவர் சிற்றூர் ஒன்றில் உபதேசியாராக இருந்தார். சேகரத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டை எழுதும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. பிறப்பைச் சர்க்காரில் பதிவு செய்யும் வழக்கம் சிற்றூர்களில் பரவாத அக்காலத்தில், வயதை மெய்ப்பிக்க அப்பதிவேடே பலருக்குச் சான்றாக விளங்கியது. ஏறக்குறைய 1955ஆம் ஆண்டில், ஊரில் செல்வாக்கு மிக்க ஒருவர் பாட்டனாரிடம் வந்தார். அவருடைய மகனுக்குச் சர்க்கார் வேலைக்குரிய வயது வரம்பு கடந்துவிட்டது. பதிவேட்டிலுள்ள ஓர் எண்ணை மாற்றினால் போதும். 'உபதேசியாரே, இதனால் யாருக்கு என்ன நட்டம்?' என்று அவர் கேட்டாராம். 'அந்த வேலைக்கு உரிய வயதோடு காத்திருக்கும் பிள்ளைக்கு நட்டம் ஐயா. அவன் யாரென்று நமக்குத் தெரியாது. அவ்வளவுதான்' என்று பாட்டனார் விடை கூறினாராம்.

அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் வேறொரு சிற்றூருக்கு மாற்றப்பட்டார். காரணம் எதுவும் எழுத்தில் இல்லை. புதிய ஊரில் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கப் பள்ளிக்கூடம் இல்லை. வகுப்பில் முதன்மையாக விளங்கிய என் தாயாரின் படிப்பு அத்துடன் நின்றது. தம் தந்தையைப் பற்றி அம்மா பெருமையோடுதான் பேசுவார்கள். ஒரே ஒருமுறை, என் தங்கை பட்டம் பெற்ற நாளில், 'அப்பா பதிவேட்டைக் காப்பாற்றினார்கள். என் படிப்பைக் காப்பாற்ற அவர்களால் முடியவில்லை' என்று மெல்லச் சொன்னார்கள். அச்சொல்லில் குறை இருந்ததா, துயரம் மட்டும் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. வாய்மையைப் பற்றிச் சொற்பொழிவு கேட்கும் போதெல்லாம் அச்சொல் என் செவியில் ஒலிக்கின்றது. ஒருவர் உறுதிக்கு அவர் மகளும் விலை கொடுத்தாள். அன்று ஊரில் நல்லவர்கள் பலர் இருந்தனர். அவருள் ஒருவரேனும், 'பிள்ளை எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கட்டும்' என்று சொல்லியிருக்கலாம். எவரும் சொல்லவில்லை.

இவ்வெண்ணம் என்னுள் இருந்தமையால்தான், மும்பையில் எங்கள் சபையில் நிகழ்ந்த ஒன்றை என்னால் மறக்க இயலவில்லை. முதலில் அதன் பின்னணியைக் கூற வேண்டும். பட்டியல் சாதியினர் யாவர் என்பதை வரையறுக்கும் குடியரசுத் தலைவரின் ஆணை 1950இல் பிறந்தது. இந்துக்களுக்கென அமைந்த அவ்வுரிமை 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் விரிக்கப்பட்டது. கிறிஸ்தவராகவோ இஸ்லாமியராகவோ ஆனவர்க்கு அது கிட்டவில்லை. சமயத்தை வைத்து அவ்வுரிமையை வரையறுக்கும் விதியை நீக்கலாம் என்று இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அளித்த அறிக்கை பரிந்துரைத்தது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒருவர் வழக்கில் 2024 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமோ, கிறிஸ்தவ நெறியில் வாழ்ந்துகொண்டு வேலைக்காக மட்டும் இந்து என்று கூறிச் சான்றிதழ் பெறுவது அரசியல் சாசனத்தை ஏமாற்றுவதாகும் என்று கூறியது. சமயம் மாறியதால் சேரியும் வறுமையும் மாறிவிடவில்லை. எனினும், உண்மையைச் சொன்னால் உரிமை போகும். உரிமை வேண்டுமானால் உண்மையை மறைக்க வேண்டும். ஏழைக் கிறிஸ்தவர் பலர் நிற்கும் இடம் இதுவே.

எங்கள் சபையில் வீட்டு வேலை செய்து பிழைக்கும் கைம்பெண் ஒருத்தி இருந்தாள். அவள் மகள் செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்கும் தறுவாயில், சமயத்தை எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. உறவினர் சிலர், 'மறைத்து எழுது. ஊரில் எல்லோரும் செய்வதுதானே' என்றனர். மறுத்தால் கல்வி உதவித்தொகை கிட்டாது. ஆராதனை முடிந்தபின் மூப்பர்கள் கூடிப் பேசினோம். சட்டம் நீதியற்றது, ஆதலின் மறைப்பது பாவமாகாது என்றார் ஒருவர். கிறிஸ்துவை மறுதலிப்பதாகும் என்றார் மற்றொருவர். மூன்று முறை மறுதலித்த பேதுருவை இருவருமே சான்றுக்கு இழுத்தனர். வாதம் நீண்டுகொண்டே போயிற்று.

கதவருகே நின்றிருந்த அத்தாய் அப்போது பேசினாள். 'ஐயா, உண்மையை எழுதச் சொல்கிறீர்கள். என் மகளும் அதைத்தான் விரும்புகிறாள். எழுதுகிறோம். கட்டணத்தை யார் கட்டுவது?'

எங்களில் எவருக்கும் உடனே விடை கூற வரவில்லை. அவள் கேட்டது தருமமன்று, நியாயமான கணக்கு. அன்றிரவே பன்னிரண்டு குடும்பங்கள் மாதந்தோறும் ஒரு தொகை தர இசைந்தன. அப்பெண் தன் சமயத்தை உள்ளவாறே எழுதினாள். இரண்டாம் ஆண்டில் இரண்டு குடும்பங்கள் விலகிக் கொண்டன. அவர்கள் பங்கை மற்றவர்கள் பகிர்ந்துகொண்டோம். அவள் படிப்பை முடித்து, இன்று பணியில் இருக்கின்றாள். ஒருவர் சொன்ன மெய்க்குப் பன்னிருவர் விலை கொடுத்தால் அது தாங்கத்தக்க விலையே என்பதை அன்று கற்றோம். உணவளிக்க முன்வராதவனுக்குப் பசித்தவன் சொல்லும் பொய்யைப் பழிக்கும் உரிமை இல்லை என்பதையும் கற்றோம். நீதியற்ற சட்டத்தை எதிர்த்து மனுச் செய்யலாம், வழக்காடலாம், ஊரறியக் குரல் எழுப்பலாம். அவ்வாறு எழுப்பும் குரலுக்கு வலிமை தருவதும், 'நாங்கள் இன்னார்' என்று மறையாமல் கூறும் துணிவே.

பிழைப்பு நாடி வெளியூர் வந்த நம் போன்றவர்க்குப் பொய் வேறு உருவங்களிலும் வருகின்றது. ஊரிலுள்ள பெற்றோருக்கு வருமானத்தைக் கூட்டிச் சொல்லுகின்றோம். அவர்கள் மகிழட்டும் என்பது நம் எண்ணம். அத்தொகையை நம்பி அவர்கள் கடன் வாங்கி வீட்டின் மேல் மாடி எழுப்புகின்றனர். தம்பி படிப்பை விட்டு நம்மிடம் வர இரயில் ஏறுகின்றான். தவணைப் பணம் கேட்டு வருபவரிடம், 'அப்பா வீட்டில் இல்லை' என்று சொல்லுமாறு குழந்தையை அனுப்புகின்றோம். குழந்தை அதனைத் தவறாமல் சொல்லித் திரும்புகின்றது. நாளை அதே குழந்தை தன் மதிப்பெண்ணை நம்மிடம் மறைக்கும்போது, அதற்குப் பாடம் சொல்லித் தந்த ஆசிரியர் யாரென்று நாம் தேடுகின்றோம். வாடகை வீட்டிற்காகப் பெயரையும் சமயத்தையும் மாற்றிச் சொல்பவரும் உளர். அவர்கள் வீட்டில் சிலுவையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டும் பிள்ளைகள், நம்பிக்கை என்பது விருந்தினர் வரும்போது ஒளிக்க வேண்டிய பொருள் என்றல்லவோ அறிந்து வளர்கின்றனர்?

உள்ளதையெல்லாம் எல்லோரிடமும் கொட்ட வேண்டும் என்பது இதற்குப் பொருளன்று. வேடிக்கை பார்க்க விரும்பிய ஏரோதுவின் பல கேள்விகளுக்கு இயேசு ஒரு சொல்லும் விடையளிக்கவில்லை என்று லூக்கா எழுதுகின்றார். கேட்க உரிமையில்லாதவனிடம் வாய் மூடியிருப்பது பொய்யன்று. நோயுற்றவரிடம் உண்மையை எப்போது, எவ்வாறு கூறுவது என்பதற்கு அன்பே வழிகாட்டும். நமக்கு எழும் ஐயத்தைத் தீர்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. நாம் சொல்லப் போகும் சொல்லால் பயன் பெறுபவர் யார்? அதற்கு விலை கொடுப்பவர் யார்? பயன் நமக்கும் விலை பிறர்க்கும் ஆகுமானால், அதற்கு எத்தனை அழகிய பெயர் சூட்டினாலும் அது பொய்யே. எபிரெய மருத்துவச்சியர் தம் உயிரைப் பணயம் வைத்துப் பிறர் குழந்தையைக் காத்தனர். கேயாசியோ தலைவரின் பெயரைப் பணயம் வைத்துத் தனக்கு ஆடை தேடினான்.

சொல்லிவிட்ட பொய்க்கு மீட்சியும் உண்டு என்பது கிறிஸ்தவ நெறியின் ஆறுதல். மறுதலித்த பேதுரு மனங்கசந்து அழுதான். உயிர்த்தெழுந்த ஆண்டவர் அவனிடம் மும்முறை அன்பைப் பற்றி வினவி, மும்முறையும் தம் மந்தையை அவனிடம் ஒப்புவித்தார். வரி வசூலிப்பவனாகிய சகேயு ஒரு படி மேலே சென்றான். யாரையேனும் ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக எல்லோர் முன்னும் கூறினான். கண்ணீர் ஒரு பாதி. கணக்கைத் தீர்ப்பது மறுபாதி. நம் பொய்யால் இழப்புற்றவர் யாரென்று தேடிச் சென்று அவர் கடனை அடைக்கும்வரை மனந்திரும்புதல் நிறைவு பெறாது.

அன்பர்களே! மெய் சொல்லுமாறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். கோயிலிலும் மேடையிலும் அதனைப் புகழ்கின்றோம். அத்துடன் இன்னொன்றையும் செய்வோமாக. நம் தெருவில், நம் சங்கத்தில், நம் சபையில் மெய் சொன்னமையால் வேலையையோ வீட்டையோ படிப்பையோ இழந்து நிற்பவர் எவரேனும் உளரா என்று கேட்டறிவோம். இருப்பின், அவர் சுமையில் ஒரு கை கொடுப்போம். மெய் சொன்னவரைத் தனியே நிற்க விடாத சமூகத்தில் மெய் சொல்வோர் தாமே பெருகுவர்.